ரெசின் வார்ப்புப் பேனாக்களுக்குப் பொருந்தும் பெயிண்ட் எது?

மைத்துளி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ரெசினை அச்சில் ஊற்றி, அது இறுகிய பின் லேத்தில் கடைந்து பேனா செய்யும் வேலையைச் சில மாதங்களாகச் செய்து வருகிறேன். கடைசலும் மெருகும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. பெயிண்ட் மட்டும் இன்னும் வசப்படவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கே தவறினேன் என்று அனுபவமுள்ளவர்கள் எடுத்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

முதல் முறை, பேனாவின் உடலுக்குள் வரும் 7 மி.மீ. பித்தளைக் குழாய்களுக்கு ஸ்ப்ரே டப்பாவிலிருந்து நீல லாக்கர் அடித்து, ஒரு நாள் முழுவதும் காய வைத்து, அச்சில் நிறுத்தி, சுற்றிலும் நிறமற்ற பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினேன். கால் மணி நேரம் ஆவதற்குள் குழாயின் மேலிருந்த நீலம் சுருக்கம் விழத் தொடங்கியது. மறுநாள் அச்சைப் பிரித்துப் பார்த்தபோது குழாயின் நடுவில் வெறும் பித்தளை தெரிந்தது. அதிலிருந்து உரிந்த நீலம் நூல் நூலாகப் பிரிந்து, ரெசினுக்குள் மிதந்தபடியே உறைந்திருந்தது.

லாக்கர்தான் காரணம் என்று எண்ணி, இரண்டாம் முறை நீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட்டைத் தூரிகையால் பூசினேன். ரெசினையும் யூரித்தேனாக மாற்றிக்கொண்டேன். தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குப் பெயிண்ட் காய்ந்த பிறகே ஊற்றினேன். இம்முறை நிறம் கொஞ்சமும் அசையவில்லை. ஆனால் குழாயை ஒட்டியே நுண்ணிய குமிழிகள் கிளம்பி, நீலத்தின் மேல் பனி படிந்தது போல ஒரு வெண்படலம் நின்றுவிட்டது. என்னிடம் பிரஷர் பாட் (காற்றழுத்தத்தில் வார்ப்பை இறுகவிடும் மூடிய கலன்) கிடையாது.

மூன்றாம் முறை வேறு வழியில் போனேன். ஒளி ஊடுருவும் ரெசின் கட்டையைத் துளையிட்டு, துளையின் உட்சுவருக்கு எனாமல் பூசி, மூன்று நாள் விட்டு, பசை தடவிய குழாயை உள்ளே தள்ளினேன். கடைந்து மெலிந்த பிறகு பார்த்தால், குழாய் நுழைந்த முனையிலிருந்து நீளவாக்கில் கீறல் கீறலாகப் பித்தளை மின்னுகிறது.

எந்த ரெசினுக்கு எந்தப் பெயிண்ட் பொருந்தும், பெயிண்ட்டைக் குழாயின் மேல் பூசுவதா துளைக்குள் பூசுவதா, எவ்வளவு நாள் காய வைப்பது என்ற மூன்றையும் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்.


அச்சும்வார்ப்பும் (மறுமொழி):

நண்பரே, உங்களுக்கு நேர்ந்த மூன்று தோல்விகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. இந்த வேலையில் நல்ல பெயிண்ட், கெட்ட பெயிண்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. பூசிய பெயிண்ட்டின் மேல் அடுத்து எது வந்து படப்போகிறது என்பதை முதலில் பார்த்து, அதைத் தாங்கக்கூடியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வார்ப்பைப் பற்றி நான் சொல்கிறேன். துளைக்குள் பூசுவதில் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பாலியெஸ்டர் ரெசின் டப்பாவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் நெடி ஸ்டைரீனுடையது. அந்தத் திரவத்தின் எடையில் ஏறத்தாழ 30 முதல் 45 விழுக்காடு வரை ஸ்டைரீன்தான் இருக்கும். ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் பொருள்) சேர்ந்து இறுகும்போது ஸ்டைரீன் பாலியெஸ்டருடன் பிணைந்து கெட்டிப்பட்டுவிடும் என்பது உண்மையே. ஆனால் அது வரை, அதாவது நீங்கள் ஊற்றிய நேரத்திலிருந்து கெட்டியாகும் நேரம் வரை, அது தின்னரைப் போலவே வேலை செய்யும் ஒரு கரைப்பான். லாக்கரோ, தன்னிடமுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. காயும்போது அதனுள் புதிய பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. ஆகவே அதை ஒரு நாளுக்குப் பதில் ஒரு மாதம் காய வைத்திருந்தாலும் ஸ்டைரீன் பட்டவுடன் மீண்டும் கரைந்தே இருக்கும். நீங்கள் ஒரு நாள்தான் பொறுத்தீர்கள் என்பதை அங்கே குறையாகச் சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டு முதலிலிருந்தே பொருந்தாதது.

பாலியெஸ்டரை விட மனமில்லையென்றால், குறுக்குப் பிணைப்பு (மூலக்கூறுகள் வலை போல ஒன்றோடொன்று பிணைவது) ஏற்பட்டு இறுகும் பூச்சுகளையே நாட வேண்டும். இரண்டு பாகமாக வந்து கலந்து பூசும் எபாக்சி பெயிண்ட்டும் இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயிண்ட்டும் இந்த வகை. சூட்டடுப்பில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் உருக்கி இறுக்கும் பவுடர் கோட்டிங்கும் இதே வகைதான். பித்தளை அந்தச் சூட்டைத் தாராளமாகத் தாங்கும். குழாய்களை மொத்தமாகச் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பவுடர் கோட்டிங்கையே. அது ஒருமுறை இறுகிவிட்டால் ஸ்டைரீன் அதை ஒன்றும் செய்ய முடியாது.

கையில் இருக்கும் அக்ரிலிக்கையே பயன்படுத்த வேண்டுமென்றால், அது நன்கு காய்ந்த பின் அதன் மேல் மெல்லிய எபாக்சிப் பூச்சு ஒன்றைக் கவசம் போல இட்டு, முழுவதும் இறுகிய பிறகே பாலியெஸ்டரை ஊற்றலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எபாக்சி ஹார்டனரில் உள்ள அமைன் இறுகாமல் மேற்பரப்பில் மிஞ்சியிருந்தால், அதைத் தொடும் இடத்தில் பாலியெஸ்டர் பிசுபிசுவென்று இறுகாமலே நின்றுவிடும். எனவே கவசப் பூச்சு இறுகியதும் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, 400 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உங்கள் வெண்படலம். யூரித்தேன் ரெசினின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்கு நீர் ஆகாது. நீரைச் சந்தித்தால் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். தொட்டால் ஒட்டவில்லை என்பது அக்ரிலிக்கின் மேல்தோல் காய்ந்ததற்கு மட்டுமே அடையாளம். அடியில் ஈரம் இருந்திருக்கிறது. ரெசின் அந்த ஈரத்தைத் தேடிச் சென்று குமிழியாக்கியிருக்கிறது. அதனால்தான் குமிழிகள் ரெசின் முழுவதும் பரவாமல் குழாயை ஒட்டி மட்டுமே நின்றன. பிரஷர் பாட் இருந்தால் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அந்தக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்திருக்கும். ஆனால் ஈரம் அங்கேயேதான் இருந்திருக்கும், குழாய்க்கும் ரெசினுக்கும் இடையிலான பிடிப்பும் பலவீனமாகவே இருந்திருக்கும். இதே காரணத்தால், ஆல்கஹாலில் கரைத்த சாயங்களையும் யூரித்தேனுக்குள் நான் விடுவதில்லை. ஆல்கஹாலும் ஐசோசயனேட்டுடன் வினைபுரியும்.

காய்ந்துவிட்டதா என்பதை விரலை வைத்துப் பார்ப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் பூசிய குழாயை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்கிறேன். மிதமான சூட்டில், 50 டிகிரியைத் தாண்டாமல், சில மணி நேரம் வைத்து, ஆறவிட்டு மீண்டும் நிறுக்கிறேன். அடுத்தடுத்த இரண்டு நிறுவைகளில் எடை மாறாதிருந்தால்தான் ரெசினைக் கலக்கவே தொடங்குவேன். மெல்லிய பூச்சு இரண்டு நாளில் அந்த நிலைக்கு வரும். தூரிகையால் தடித்துப் பூசியது ஒரு வாரம் கூட எடுத்ததுண்டு.

புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், குழாயோடு சேர்த்து வார்ப்பதற்கு எபாக்சி ரெசினையே சொல்வேன். அதில் ஸ்டைரீனும் இல்லை, ஈரத்தைக் கண்டு அப்படி நுரைப்பதும் இல்லை. நன்கு காய்ந்த அக்ரிலிக்கையும் எனாமலையும் அது கலைப்பதில்லை. இறுக நெடுநேரம் எடுக்கும், வெயிலில் நாளடைவில் மஞ்சளிக்கும் என்ற குறைகள் உண்டு. நீலம், பச்சை போன்ற நிறங்களின் மேல் அந்த மஞ்சள் சாயல் எப்படித் தெரியும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.


உளிமுனை (மறுமொழி):

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். எனாமலில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நன்கு காய்ந்த எனாமல் என்று எழுதுவது எளிது; துளைக்குள் அது நன்கு காய்வதே அரிது. எண்ணெய் சார்ந்த எனாமல், தின்னர் ஆவியான பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் இறுகுகிறது. 7 மி.மீ. துளைக்குள் காற்று தானாக நுழைந்து வெளியேறுவதில்லை. வெளியே மூன்று நாளில் இறுகும் அதே எனாமல், துளையின் நடுவில் பத்து நாள் கழித்தும் நகம் பட்டால் பள்ளம் விழும் நிலையில் இருப்பதைக் கட்டையை நெடுக அறுத்துப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாக இறுகிய எனாமலின் மேல் வலுவான கரைப்பான் பட்டால் அது முழுவதும் சுருங்கி எழும்பிவிடும் என்பதால், வார்ப்பிலும் அதை நான் நம்புவதில்லை. எனவே துளைக்கு நான் எப்போதும் பயன்படுத்துவது நீர் சார்ந்த அக்ரிலிக்கைத்தான். அங்கே பெயிண்ட்டின் மேல் ரெசின் ஊற்றப்போவதில்லை. பசை மட்டுமே படும் என்பதால் அக்ரிலிக்கே போதும்.

உங்கள் கீறல்களுக்குப் பெயிண்ட் பாதிக் காரணம்தான். மறுபாதி இடைவெளி. 7 மி.மீ. குழாய்க்கு 7 மி.மீ. டிரில்லால் துளையிட்டு, அதன் பிறகு உட்சுவரில் பெயிண்ட்டையும் ஏற்றினால், குழாய் நுழைய இடம் எங்கே இருக்கும்? போகும் வழியெல்லாம் பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டுதான் போகும். பெயிண்ட் பூசப்போகிற கட்டைகளுக்கு நான் 9/32 அங்குல டிரில்லை எடுக்கிறேன், அது 7.14 மி.மீ. வரும். அந்தச் சிறு கூடுதல், மெல்லிய பூச்சுக்கும் பசைக்கும் போதுமானதாக இருக்கிறது.

பூசும் முறையையும் சொல்லிவிடுகிறேன். துளையிட்டவுடன் உள்ளே ஒட்டியிருக்கும் துகள்களைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தெடுக்க வேண்டும். ஐசோபிரொபைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தால் கைப்பிசுக்கும் போகும். அக்ரிலிக்கைப் பால் பதத்துக்கு நெகிழ்த்திக்கொண்டு, கட்டையின் அடி முனையை விரலால் மூடி, துளைக்குள் சில சொட்டுகள் விட்டு, கட்டையை விரல்களுக்கிடையில் உருட்டினால் உட்சுவர் முழுவதும் படரும். பிறகு உறிஞ்சும் தாளின் மேல் நிமிர்த்தி நிறுத்தி, மிகுதியை வடியவிட வேண்டும். அரை மணி கழித்துத் தலைகீழாகத் திருப்பி நிறுத்த வேண்டும். திருப்ப மறந்தால் ஒரு முனையில் பெயிண்ட் வளையம் போலத் தடித்துக் காய்ந்து, குழாயை அங்கேயே தடுத்துவிடும். ஒரே தடித்த பூச்சை விட இரண்டு மெல்லிய பூச்சுகளே மேல். வெளிச்சத்தைக் கட்டையின் பின்னால் பிடித்துத் துளைக்குள் பார்த்தால், பெயிண்ட் படாத புள்ளிகள் நட்சத்திரம் போலத் தெரியும். அவை மறையும் வரை அடுத்த பூச்சு தேவை.

குழாயின் மேல் பூசுவதா, துளைக்குள் பூசுவதா என்று கேட்டிருந்தீர்கள். குழாயில்லாமல் வார்த்து, பிறகு துளையிடும் கட்டைகளுக்கு இரண்டிலும் பூசுங்கள், ஒரே நிறத்தில். குழாயில் மட்டும் பூசினால், டிரில் விட்டுச்சென்ற வளையத் தடங்களும் பசையில் சிக்கிய காற்றும் ரெசின் வழியே தெரியும். துளையில் மட்டும் பூசினால், எங்காவது ஒரு சிறு கீறல் விழுந்தாலும் பித்தளை மின்னும். இரண்டிலும் இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மூடிவிடும். குழாயை 220 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்த பிறகே பூச வேண்டும்; பளபளக்கும் பித்தளையின் மேல் அக்ரிலிக் நிற்காது. பசையாக இரண்டு பாக எபாக்சியை எடுத்து, அதிலும் அதே நிறப் பொடியைச் சிட்டிகையளவு கலந்துகொள்வது என் வழக்கம். இறுகும்போது நுரைத்துப் பெருகும் பாலியூரித்தேன் பசையை இத்தகைய கட்டைகளுக்குத் தொடாதீர்கள். நுரை தள்ளும் தள்ளில் பெயிண்ட் இடம் மாறிவிடும். குழாயை ஒட்டும் முன் அதன் இரு முனைகளையும் மெழுகால் அடைத்தால் பசை உள்ளே புகாது. உள்ளே இறுகிப்போன பசையோடு உலோகப் பாகங்களை அழுத்திச் செருகினால் பேனா உடலே வெடித்துவிடும்.

கடையும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ஈர உப்புத்தாளால் மெருகேற்றும்போது, கட்டையின் முனையில் குழாய்க்கும் ரெசினுக்கும் நடுவிலுள்ள நூலளவு விளிம்பு வழியாக நீர் உள்ளே ஏறி, அக்ரிலிக்கை வெளுக்கச் செய்யும். முனையைச் சமன்படுத்தியவுடன் நீர்த்த சூப்பர் குளூவை அந்த விளிம்பைச் சுற்றி ஒரு முறை ஓடவிட்டால் போதும்.


நிப்பும்நாக்கும் (மறுமொழி):

மேலே இருவரும் சொன்னது குழாய் வைத்த பேனாக்களுக்கு முழுவதும் பொருந்தும். கேள்வி கேட்டவர் நாளை ஊற்றுப்பேனாவுக்குப் போகக்கூடும் என்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். மையை நேரடியாக உடலுக்குள்ளேயே நிரப்பும் பேனாவாக இருந்தால், அந்த உட்சுவருக்கு எந்தப் பெயிண்ட்டையும் பூசாதீர்கள். ஊற்றுப்பேனா மை பெரும்பாலும் நீர்தான். அது வாரக்கணக்கில் அக்ரிலிக்கோடு ஒட்டிக் கிடந்தால் பெயிண்ட் ஊறி, செதில் செதிலாகக் கழன்றுவிடும். அந்தச் செதில்கள் நிப்புக்கு அடியிலுள்ள நாக்கின் மெல்லிய வாய்க்காலில் போய் அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்த ஒரு பேனாவைப் பிரித்துக் கழுவ எனக்கு ஒரு முழு மாலை ஆயிற்று. ஊசி முனையால் ஒவ்வொரு செதிலாக எடுக்க வேண்டியிருந்தது. கார்ட்ரிட்ஜோ கன்வெர்ட்டரோ (மையைத் தனியே அடக்கி வைக்கும் சிறு குழல்கள்) பொருத்தும் பேனாவில் மை உட்சுவரைத் தொடாது என்பதால் அங்கே பூசலாம். அப்போதும் மரையிட்ட பகுதியை விட்டுவிட்டுப் பூச வேண்டும். மரையில் ஏறிய பெயிண்ட், திருகும் ஒவ்வொரு முறையும் பொடியாக உதிரும்.

மை நேரடியாகத் தங்கும் பேனாவுக்கு நிறம் வேண்டுமென்றால் அதை ரெசினிலேயே கலந்துவிடுவதுதான் சரியான வழி. அதற்கும் நீர் சார்ந்த பெயிண்ட்டை விட உலர்ந்த நிறப் பொடியையோ மைக்காப் பொடியையோ நான் தேர்ந்தெடுப்பேன்.


மைத்துளி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றைப் படித்த பிறகு, புதிய கட்டையில் இறங்கும் முன் ஒரு சிறிய சோதனை செய்து பார்த்தேன். பழைய குழாய்த் துண்டுகள் நான்கை எடுத்து, லாக்கர், எனாமல், அக்ரிலிக், எபாக்சிக் கவசம் இட்ட அக்ரிலிக் என்று ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பூசினேன். தராசில் எடை நிற்கும் வரை காத்திருந்தேன். அக்ரிலிக் பூசிய துண்டு இரண்டாம் நாள் வரை 0.03 கிராம் இழந்துகொண்டே வந்ததைப் பார்த்தபோது, சென்ற முறை எவ்வளவு ஈரத்தின் மேல் ரெசினை ஊற்றியிருக்கிறேன் என்பது புரிந்தது. பிறகு ஹார்டனர் சேர்க்காத பாலியெஸ்டர் ரெசினில் பஞ்சை நனைத்து நான்கின் மேலும் அரை மணி நேரம் வைத்தேன்.

லாக்கர் துண்டின் பஞ்சு ஐந்து நிமிடத்தில் நீலமாகிவிட்டது. எனாமல் சுருங்கி எழும்பியது. வெறும் அக்ரிலிக்கில் பஞ்சில் நிறம் ஏறவில்லை, ஆனால் துடைத்தபின் நகத்தால் அழுத்தினால் பெயிண்ட் மெத்தென்று இருந்தது. எபாக்சிக் கவசம் இட்டதில் எந்த மாற்றமும் இல்லை. இந்த முடிவை வைத்து, நான் அடுத்த வார்ப்பைக் கவசம் இட்ட குழாயிலும் பாலியெஸ்டரிலும் செய்யலாமா, அல்லது எபாக்சி ரெசினுக்கே மாறிவிடலாமா? பேனாவின் வெளிப்புறத்தில் மெல்லிய கோடு ஒன்றைப் பெயிண்ட்டால் இழுக்கவும் ஆசை இருக்கிறது.


அச்சும்வார்ப்பும் (மறுமொழி):

மிகச் சரியான சோதனை. ஹார்டனர் சேர்க்காமல் வைத்துப் பார்த்தது இன்னும் நல்லது. இறுகும் ரெசின் ஸ்டைரீனை விரைவில் கட்டிப்போட்டுவிடும், இறுகாத ரெசினோ அரை மணி நேரமும் பெயிண்ட்டைத் தாக்கிக்கொண்டே இருக்கும். அதில் தாக்குப்பிடித்தது வார்ப்பிலும் தாக்குப்பிடிக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். உங்களிடம் பாலியெஸ்டர் மீதம் இருப்பதால் கவசம் இட்ட குழாயிலேயே அதை ஊற்றுங்கள். குழாயின் வெட்டுமுனை விளிம்பிலும் கவசம் படிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டைரீன் அந்த விளிம்பில் நுழைந்தால் அடியிலிருந்து பெயிண்ட்டைத் தூக்கும். ஹார்டனரை டப்பாவில் குறிப்பிட்டுள்ள அளவுக்கு மேல் சேர்க்காதீர்கள். வேகமாக இறுகினால் சூடு ஏறும், சுருக்கமும் கூடும். பாலியெஸ்டர் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்கக்கூடியது, அந்த இழுப்பு பெயிண்ட்டின் பிடிப்பைத்தான் முதலில் சோதிக்கும்.

வெளிப்புறக் கோட்டைப் பொறுத்தவரை, மெருகேற்றிய பின் அதன் மேல் வரைந்தால் கையிலேயே தேய்ந்து போய்விடும். கடைசல் முடிந்து மெருகுக்கு முன், நுண்ணிய பள்ளமாக ஒரு கோட்டை உளியால் இறக்கி, அச்சிலிருந்து வந்த மெழுகோ சிலிக்கானோ எங்கும் ஒட்டியிராதபடி சோப்பு நீரில் கழுவித் துடைத்து, பள்ளத்தில் அக்ரிலிக்கை நிரப்புங்கள். அது எடை நிற்கும் வரை காய்ந்த பின், அதன் மேல் நீர்த்த எபாக்சியால் பள்ளத்தை விளிம்பு வரை நிரப்பி, இறுகியதும் உடலோடு சேர்த்து ஈர உப்புத்தாளால் சமன்படுத்துங்கள். 600 எண்ணில் தொடங்கினால் பள்ளத்தின் விளிம்பு மழுங்காது. நிறம் ரெசினுக்கு அடியில் தங்கிவிடுவதால் விரலுக்குக் கோடு தட்டுப்படாது, கண்ணுக்கு மட்டும் தெரியும். முதல் பேனா முடிந்ததும் கோட்டின் படத்தை இங்கே இடுங்கள். பள்ளம் எவ்வளவு ஆழம் இறக்கினீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.